விளையாட்டில் விளையும் வாக்கியம்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



நமக்கு முன் பேசிய அறிஞர்கள் மேற்படிப்பைப் பற்றியும், உதவித்தொகையைப் பற்றியும், போட்டித் தேர்வுகளைப் பற்றியும் எடுத்துரைத்தார்கள். அவை யாவும் வேண்டியவையே. ஆயினும் நாம் அவ்வளவு உயரத்திற்குச் செல்லவில்லை. தரையில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் ஆறு வயது, ஏழு வயதுக் குழந்தையிடம் செல்கிறோம். அக்குழந்தை தானாகவே ஒரு வாக்கியத்தை அமைத்துச் சொல்வதற்கு விளையாட்டின் வழியே எவ்வாறு துணைபுரியலாம் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இதனைச் சிறிய பொருள் என்று எண்ண வேண்டா. எழுத்துகளை அறிந்த குழந்தைகள் நம் குடியிருப்புகளில் பலர் உண்டு. சொற்களைக் கூட்டிப் படிப்பவர்களும் உண்டு. ஆனால், ‘உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? எழுது’ என்றால், பென்சிலைக் கடித்துக்கொண்டு அமர்ந்துவிடுவார்கள். சொல்லுக்கும் வாக்கியத்திற்கும் இடையில் ஓர் ஆறு ஓடுகிறது. அதைக் கடக்காத பிள்ளை ஐந்தாம் வகுப்பில் பிறர் எழுதியதைப் பார்த்து எழுதும். எட்டாம் வகுப்பில் உரைநூலை மனப்பாடம் செய்யும். ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்டு நின்றுவிடும். மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திடும்போதெல்லாம், இப்பிள்ளை இன்று நிற்கவில்லை, இரண்டாம் வகுப்பிலேயே நின்றுவிட்டது என்று நாம் எண்ணியதுண்டு.

நாம் செய்த தவறு

பிறரைக் குறைகூறும் முன் நம் குறையைச் சொல்லிவிடுவது முறை. ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு சிறுவனிடம், ‘நேற்று வீட்டில் என்ன நடந்தது?’ என்று கேட்டோம். அவன் மகிழ்ச்சியோடு எழுந்து, ‘எங்கம்மா மீன் வாங்கினு வந்துச்சு’ என்றான். ‘அப்படிச் சொல்லக்கூடாது, “வாங்கிக்கொண்டு வந்தார்” என்று சொல்’ என்று நாம் திருத்தினோம். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துவிட்டோம். அன்று முதல் ஆண்டு முடியும்வரை அவன் வகுப்பில் தானாக வாய் திறக்கவில்லை. கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்வான். பிறகு தலையைக் குனிந்துகொள்வான்.

நம் தாயும் அவ்வாறே பேசியவர்தாம். அதை மறந்துதான் அன்று சிரித்தோம். பல ஆண்டுகள் கழித்தே அச்சிறுவன் சொன்னதை எண்ணிப் பார்த்தோம். அதில் எழுவாய் இருந்தது. செயப்படுபொருள் இருந்தது. வினையெச்சம் இருந்தது. இறந்தகாலம் காட்டும் பயனிலையும் தன் இடத்தில் இருந்தது. இலக்கணத்தில் பாதியை அவன் தாயின் மடியிலேயே கற்றுக்கொண்டு வந்திருந்தான். ஓசை மட்டுமே வேறு. அந்த ஓசைக்காக அவனுடைய வாக்கியம் முழுவதையும் நாம் பறித்துக்கொண்டோம்.

நம் பிள்ளைகளுக்கு வாக்கியம் தெரியாது என்பது பொய். வாக்கியத்தோடுதான் அவர்கள் பள்ளிக்கு வருகிறார்கள். அதை வெளியே எடுப்பதற்கு அச்சமில்லாத இடம்தான் அவர்களுக்கு இல்லை. அந்த இடத்தின் பெயரே விளையாட்டு.

இவ்வூரின் முன்னோடிகள்

இது நாம் புதிதாகக் கண்டதன்று. நாம் கூடியிருக்கும் இந்தத் தென் சென்னை மண்ணிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. பொதுப் பள்ளிகளின் கதவுகள் நம் முன்னோர்க்கு அடைபட்டிருந்த நாளில், 1894ஆம் ஆண்டு, கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளி திருவள்ளுவர் பெயரைத் தாங்கி நின்றது. அப்பள்ளிகளில் வெறும் மனப்பாடத்தை விடுத்து, பொருள்களைக் காட்டியும் விளையாட வைத்தும் கற்பிக்கும் கிண்டர்கார்டன் முறை கையாளப்பட்டது. அடையாற்றில் எழுந்த அந்த முதற்பள்ளியின் வழிவந்த ஆல்காட் நினைவுப் பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கல்வி அளித்துவருகிறது.

இளைஞர்கள் கட்டாயம் அறிய வேண்டிய மற்றொரு பெயர் பெருந்தலைவர் எம்.சி. ராஜா அவர்களுடையது. 1883இல் பரங்கிமலையில் பிறந்த அப்பெருமகனாரைச் சட்டசபையில் நம் உரிமைக்காக வாதாடியவர் என்றே பெரும்பாலோர் அறிவர். அவர் ஓர் ஆசிரியர். பள்ளிப் பாடநூல்கள் எழுதியவர். ஆர். ரங்கநாயகி அம்மையாரோடு சேர்ந்து ‘கிண்டர்கார்டன் ரூம்’ என்னும் குழந்தைப் பாடல் நூலை 1930இல் வெளியிட்டார். அவர் மத்திய சட்டசபையில் உறுப்பினராக இருந்த காலம் அது. தம் மக்களின் அரசியல் உரிமையும், மழலைகள் கைதட்டிப் பாடும் பாட்டும் அவருக்கு ஒரே பணியின் இரண்டு பகுதிகளாகத் தோன்றியிருக்கின்றன. பாட்டில் வரும் சிறு சிறு வாக்கியங்களே குழந்தை முதன்முதலில் பிழையின்றிச் சொல்லும் வாக்கியங்கள் என்பதை ஆசிரியரான அவர் அறியாமலிருக்க முடியாது.

1939ஆம் ஆண்டில் இத்தாலிய நாட்டுக் கல்வி அறிஞர் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். பெயர்ச்சொல்லுக்குக் கறுப்பு முக்கோணம், வினைச்சொல்லுக்குச் சிவப்பு வட்டம் என்று அடையாளங்கள் வைத்து, இலக்கணத்தைக் கண்ணால் காணவும் கையால் தொடவும் செய்தது அவர் முறை. அம்முறை நெடுங்காலம் கட்டணம் செலுத்த வல்லவர்களின் பிள்ளைகளையே பெரும்பாலும் சென்றடைந்தது. பின்னர், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டுச் சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை தாழ்ந்து வந்தது அப்போதுதான். 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. ஆகவே விளையாட்டு முறை இன்று அரசுப் பள்ளிக்கும் உரியது. அதை நம் மாலை வகுப்புகளுக்குக் கொண்டுவருவதே உங்கள் பணி. பழைய அட்டைப்பெட்டியும், நாள்காட்டித் தாளும், சுண்ணாம்புக்கட்டியும் இருந்தால் போதும்.

ஐந்து விளையாட்டுகள்

முதலாவது, ஏவல் சீட்டு. மாண்டிசோரி அம்மையாரின் முறையிலிருந்து பெற்றது இது. நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் ‘வா’, ‘குதி’, ‘சிரி’ என்று எழுதி மடித்து வையுங்கள். குழந்தை ஒரு சீட்டை எடுத்து, வாய்விட்டுப் படிக்காமல், அதில் உள்ளபடி செய்ய வேண்டும். தமிழில் ‘வா’ என்னும் ஒரு சொல்லே முழு வாக்கியம். ‘நீ’ என்னும் எழுவாய் அதற்குள் தோன்றாமல் நிற்கிறது. ஆகவே முதல் நாளிலேயே குழந்தை வாக்கியத்தைப் படித்துவிடுகிறது. பிறகு, ‘கதவைத் திற’, ‘பந்தைப் பையில் போடு’, ‘மெதுவாக நடந்து சன்னலைத் தொடு’ என நீட்டிக்கொண்டே போகலாம். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள், ‘அவள் கதவைத் திறந்தாள்’ என்று நடந்ததைச் சொல்ல வேண்டும். செய்பவருக்குப் படிப்பு, பார்ப்பவருக்குப் பேச்சு.

இரண்டாவது, மூன்று கொட்டாங்கச்சி. ஒன்றில் ‘யார்’ என்பதற்குரிய சீட்டுகள்: பாட்டி, பூனை, நடத்துநர். இரண்டாவதில் ‘எதை’ என்பதற்குரியவை: தோசையை, நிலாவை, பேருந்தை. மூன்றாவதில் வினைகள்: தின்றது, ஓட்டினார், துவைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு எடுத்துச் சேர்த்துப் படிக்க வேண்டும். ‘பாட்டி நிலாவைத் துவைத்தாள்’ என்று வரும். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பொருளைப் புரிந்துகொள்ளாதவன் சிரிக்க மாட்டான். ஒரு நாள், ‘பூனை பேருந்தை ஓட்டினார்’ என்று வந்தது. ‘இதில் எதை மாற்ற வேண்டும்?’ என்று கேட்டோம். ‘ஓட்டியது’ என்று பலரும் கூவினார்கள். ஒரு சிறுமி மட்டும் எழுந்து, ‘பஸ் ஓட்டுனா அதுவும் டிரைவர்தானே சார், “ஓட்டினார்”னுதான் சொல்லணும்’ என்றாள். இலக்கணப்படி நமக்கு விடை தெரியும். ஆயினும் அன்று அவளை மறுக்க மனம் வரவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

மூன்றாவது, ‘ஐ’ தொப்பி. இதுவே நம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. ‘நாய்’, ‘பூனை’, ‘துரத்தியது’ என்னும் மூன்று அட்டைகளை மூன்று பிள்ளைகளின் கழுத்தில் மாட்டுங்கள். காகிதத் தொப்பி ஒன்றில் ‘ஐ’ என்று எழுதுங்கள். தொப்பியைப் பூனையின் தலையில் வைத்தால், ‘நாய் பூனையைத் துரத்தியது’ என்று ஆகும். உடனே பூனை ஓட, நாய் துரத்த வேண்டும். இப்போது இருவரையும் இடம் மாற்றி நிறுத்துங்கள். ‘பூனையை நாய் துரத்தியது.’ இப்போதும் துரத்துவது நாயே. பிறகு தொப்பியை நாயின் தலைக்கு மாற்றுங்கள். ‘நாயைப் பூனை துரத்தியது’ என்றவுடன் பூனைக்கு வந்துவிடும் வீரம்! ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடத்தை மாற்றினால் பொருளே மாறிவிடும். தமிழிலோ சொல் இடம் மாறினாலும் உருபு பொருளைக் காத்து நிற்கிறது. இரண்டாம் வேற்றுமை என்னும் பெயரை அறியும் முன்பே, ஓடி விழுந்து எழுந்து அதன் ஆற்றலைக் குழந்தை அறிந்துகொள்கிறது. மேல் வகுப்பில் அப்பெயரைக் கேட்கும்போது பழைய தோழனைக் கண்டதுபோல் இருக்கும்.

நான்காவது, பேருந்து விளையாட்டு. தரையில் சுண்ணாம்புக்கட்டியால் பேருந்து ஒன்றை வரையுங்கள். ஒரு குழந்தை நடத்துநர். ஏறுபவர் ஒவ்வொருவரும், ‘நான் மந்தைவெளியிலிருந்து அடையாற்றுக்குப் போகிறேன்’ என்று முழு வாக்கியம் சொன்னால்தான் சீட்டு. பெண்களுக்குக் கட்டணமில்லை என்று நடத்துநர் அறிவிப்பார். ஆனால் வாக்கியம் சொல்வதிலிருந்து எவர்க்கும் விலக்கில்லை. ‘எதற்குப் போகிறாய்?’, ‘யாரோடு போகிறாய்?’ என்று நடத்துநர் கேட்கக் கேட்க, உருபுகள் தாமே வந்து அமரும். ஒருமுறை ஒரு சிறுவன், ‘நான் பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்குப் போகிறேன், எங்கள் பழைய வீட்டைப் பார்க்கப் போகிறேன்’ என்றான். குடியிருப்பு அகற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்ட குடும்பத்துப் பிள்ளை அவன். விடியற்காலையில் பேருந்தேறிப் பழைய பள்ளிக்கே வந்துகொண்டிருந்தான். நடத்துநராக இருந்த குழந்தை, ‘அங்கே வீடு இல்லையே’ என்றது. ‘இடம் இருக்கிறது’ என்றான் அவன். விளையாட்டுத்தான். ஆனால் வாக்கியம் கையில் கிடைத்துவிட்டால் குழந்தை அதில் தன் வாழ்வையே ஏற்றிவிடும்.

ஐந்தாவது, வளரும் வாக்கியம். வட்டமாக அமர்ந்து, முதற்பிள்ளை ‘மீன் வந்தது’ என்றால், அடுத்த பிள்ளை ‘பெரிய மீன் வந்தது’ என்றும், அதற்கடுத்தது ‘வலையில் பெரிய மீன் வந்தது’ என்றும் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். மறந்தவர் வெளியேற வேண்டியதில்லை. பக்கத்துப் பிள்ளை எடுத்துக்கொடுக்கலாம்.

வீட்டுச் சட்டையும் பள்ளிச் சட்டையும்

அப்படியானால் ‘வாங்கினு வந்துச்சு’ என்பதை அப்படியே விட்டுவிடுவதா என்று நீங்கள் கேட்கலாம். விடுவதற்கில்லை. தேர்விலும், விண்ணப்பத்திலும், மேடையிலும் எழுத்துத் தமிழ் நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் உலகம் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனால் ஒன்றைக் கொடுப்பதற்காக மற்றொன்றைப் பறிக்க வேண்டியதில்லை. குழந்தை சொன்னதைச் சொன்னபடியே பலகையில் மேல்வரியில் எழுதுங்கள். அது வீட்டுச் சட்டை. கீழ்வரியில், ‘என் அம்மா மீன் வாங்கிக்கொண்டு வந்தார்’ என்று வகுப்பே கூடி எழுதட்டும். அது பள்ளிச் சட்டை. இரண்டும் ஒரே உடம்புக்கு உரியவை. இச்சட்டை மாற்றும் விளையாட்டைக் கற்ற பிள்ளை எங்கே எதை அணிவது என்பதைத் தானே அறிந்துகொள்ளும், எதற்காகவும் வெட்கப்படாது.

பயனிலையில் இருக்கும் மரியாதை

இப்போது அந்தப் பூனைக்கு வருவோம். நம் மொழியில் மரியாதை எங்கே இருக்கிறது? ‘வந்தான்’, ‘வந்தார்’ என்னும் பயனிலையின் கடைசியில் இருக்கிறது. ஒருவரைப் பற்றி வாக்கியம் அமைக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்கு மதிப்பளிப்பதா, மறுப்பதா என்று நாம் முடிவு செய்தே ஆக வேண்டும். அறுபது வயது நிரம்பிய நம் பாட்டன்மாரைப் பத்து வயதுச் சிறுவர்கள் ‘வாடா’ என்று அழைத்த காலத்தை இங்குள்ள பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அவமதிப்பு முழுவதும் ஓர் அசையில்தான் இருந்தது.

தொழில்களின் படங்களை வைத்து நம் பள்ளியில் ஒரு விளையாட்டு நடத்தினோம். படத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ‘டாக்டர் வந்தார்.’ ‘டீச்சர் வந்தார்.’ ‘போலீஸ் வந்தார்.’ அடுத்த படத்திற்கு, ‘குப்பைக்காரன் வந்தான்’ என்றார்கள். சொன்னவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்லர். அவர்களிலும் பலர் நம் பிள்ளைகளே. எவரும் பாடமாகச் சொல்லித்தரவில்லை, தெரு சொல்லித்தந்திருந்தது. அப்போது ஒரு சிறுவன் கையை நீட்டி அந்தப் படத்தைக் கவிழ்த்துவைத்தான். அவனுடைய தந்தை தூய்மைப் பணியாளர்.

நாம் அறிவுரை எதுவும் கூறவில்லை. விளையாட்டின் விதியை மட்டும் மாற்றினோம். படத்தில் வேலை செய்துகொண்டிருப்பவர் எவராயினும் வாக்கியம் ‘ஆர்’ என்றே முடிய வேண்டும்; மாறினால் மறுபடியும் சொல்ல வேண்டும். ‘தூய்மைப் பணியாளர் தெருவைப் பெருக்கினார்.’ ‘மீன் விற்பவர் கூடையை இறக்கினார்.’ ‘கொத்தனார் சுவரை எழுப்பினார்.’ நான்கைந்து நாள்கள் இப்படியே சென்றன. பிறகு ஒரு நாள் அந்தச் சிறுவன் தானாகவே படத்தை எடுத்து, ‘எங்க அப்பா ராத்திரி தி. நகர்ல ரங்கநாதன் தெருவைப் பெருக்குவார்’ என்றான். ‘தனியாகவா?’ என்று ஒரு பிள்ளை கேட்டது. ‘அஞ்சு பேரு போவாங்க.’ ‘எவ்வளவு குப்பை இருக்கும்?’ ‘தீபாவளிக்கு முந்தி லாரி ரொம்பிடும்.’ அதுவரை ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசாதவன் அன்று ஏழெட்டு வாக்கியங்கள் பேசினான். மறுநாள் அவற்றைப் பள்ளிச் சட்டையில் எழுதியும் வந்தான்.

ஒன்றை இங்கே பிரித்தறிய வேண்டும். ‘அம்மா வந்துச்சு’ என்று பிள்ளை சொல்வது அன்பின் பேச்சு; அதில் தாழ்த்துதல் இல்லை. தாயை அப்படிச் சொல்லும் பிள்ளையைக் கண்டிப்பது அறியாமை. தெருவைப் பெருக்குபவரை ‘வந்தான்’ என்பதோ வேறு. முன்னதைச் சட்டை மாற்றினால் போதும். பின்னதை மனத்திலிருந்தே மாற்ற வேண்டும். பேருந்து ஓட்டும் பூனைக்கும் ‘ஆர்’ வேண்டும் என்று வாதாடிய சிறுமியை நாம் மறுக்காததற்குக் காரணம் இதுவே. உழைப்பவருக்கு மதிப்பு உண்டு என்னும் இலக்கணத்தை அவள் நமக்கு முன்பே கண்டுகொண்டாள்.

இளைஞர்களுக்குச் சில சொற்கள்

மாலை வகுப்பில் அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். குழந்தை பேசிக்கொண்டிருக்கும்போது இடைமறித்துத் திருத்தாதீர்கள்; முடிக்கட்டும், பிறகு பலகைக்குச் செல்லலாம். முதலில் வாய், பிறகு கை. பேசாத வாக்கியத்தை எழுதச் சொல்லாதீர்கள். வென்றவர், தோற்றவர் என்று பிரிக்காதீர்கள். தோல்வியைப் பற்றி நம் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு குறிப்பேடு கொடுங்கள். நாளுக்கு ஒரு வாக்கியம், தன் வாழ்விலிருந்து தானே அமைத்த வாக்கியம், எழுதினால் போதும். ஆண்டு முடிவில் அது முந்நூறு வாக்கியங்கள் கொண்ட ஒரு நூல். தாய்மார்களே, எழுத்து அறியாவிட்டாலும், ‘இன்று என்ன எழுதினாய்? படித்துக் காட்டு’ என்று கேளுங்கள். கேட்பவர் இல்லாமல் வாக்கியம் வளராது.

நம் முன்னோர் வாக்கியத்திற்கு அஞ்சியவர்கள் அல்லர். இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் ‘பறையன்’ என்னும் இதழைச் சென்னையில் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை வெளியிட்டார். பிறர் நம்மைப் பற்றி எழுதிய காலத்தில், நம்மைப் பற்றி நாமே எழுதலாம் என்று எழுந்தவர்கள் அவர்கள். தன் தந்தையின் வேலையைப் பற்றித் தலைநிமிர்ந்து ஒரு வாக்கியம் சொல்லும் இரண்டாம் வகுப்புக் குழந்தை அவர்கள் தொடங்கிய அந்த வேலையைத்தான் தொடர்கிறது.

நம் சங்கம் தன் வெள்ளி விழாவைக் கண்டுவிட்டது. பொன் விழா மேடையில் பேசப்போகிறவர்கள் இன்று நம் மாலை வகுப்புப் பாயில் அமர்ந்து, காகிதத் தொப்பியை யார் தலையில் வைப்பது என்று சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் விளையாடட்டும். நீங்களும் உடன் விளையாடுங்கள்.